பெட்ரோல் வாசனை என் மூளையில் இல்லை

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே அப்பா சௌக்கியம், நான் சௌக்கியம், என் மூளையும் சௌக்கியம். மூளையைப் பற்றித் தனியாக எழுத வேண்டி வந்ததற்கு நீதான் காரணம், ஆகவே கடிதம் முழுக்க அதைப் பற்றித்தான் இருக்கும், பொறுமையாகப் படி. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்பாய், வார்டில் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது.

குளிர் ஆரம்பித்ததிலிருந்து நம் வெள்ளை வண்டியில் இரண்டு தொந்தரவு. காலையில் கிளப்பினால் பின்னால் புகை, ஓட்டும்போது சில நாள் உள்ளே பெட்ரோல் வாசனை. அந்த ஒரே வண்டியை வைத்துத்தான் நான் பெண்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன், என் பக்கம் இருக்கும் இரண்டாவது பிரேக்கையும் கிளட்சையும் மிதித்து மிதித்து என் செருப்பெல்லாம் ஒரே இடத்தில் தேயும், நீயும் அதே வண்டியில்தான் கற்றாய். அதில் புகை வந்தால் டெஸ்ட் மைதானத்துக்குள் விடமாட்டார்கள். பெட்ரோல் வாசனை வந்தாலோ அதைவிடப் பெரிய விஷயம், பக்கத்தில் ஒரு வீட்டுப் பெண் என்னை நம்பி உட்கார்ந்திருக்கிறாள். அதனால் உடனே சோடாபுட்டியிடம் கொண்டுபோனேன். உன் காலத்தில் அவர் இல்லை. மெயின் ரோட்டில் பெட்ரோல் பங்குக்கு எதிரே ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற மெக்கானிக், தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது, அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்க்கிறார். பானெட்டைத் திறந்து பார்த்தார், அடியில் படுத்துப் பார்த்தார். "டீச்சரம்மா, எல்லாம் காஞ்சு கிடக்கு, ஒரு சொட்டு ஈரம் இல்ல" என்றார். இன்னொரு தடவை கொண்டுபோனேன், அதே பதில். வாசனையாவது வருகிறதா என்று கேட்டேன், எனக்கு எதுவும் வரலையே என்றார். காலையிலிருந்து சாயங்காலம் வரை பெட்ரோலில் கை கழுவுகிற மனுஷனுக்கு எப்படி வரும்? வீட்டில் உன் அப்பாவைக் கேட்கலாம் என்றால், அந்தப் பெரிய ஜுரத்தில் போன மூக்கு அவருக்கு இன்னும் திரும்பவில்லை, அடுப்பில் பால் தீய்ந்தாலும் புகை கண்ணில் பட்டால்தான் எழுந்து வருவார். ஆக, இந்த வாசனைக்குச் சாட்சி என் மூக்கு ஒன்றுதான்.

இந்த நிலைமையில் உன் சித்தப்பா ஒரு நாள் வண்டியில் ஏறினார். அன்றைக்குப் பார்த்து வாசனையே இல்லை. ஆனால் கிளப்பும்போது வந்த வெள்ளைப் புகையைப் பார்த்துவிட்டு எஞ்சின் போய்விட்டது என்று தீர்ப்பு சொன்னார். "அண்ணி, வண்டிக்கும் வயசாச்சு, உங்களுக்கும் வயசாச்சு. ரெண்டு பேரும் ரெஸ்ட் எடுங்க" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னதால் நானும் சிரித்துத் தொலைத்தேன். அவர் அதோடு விடாமல் உனக்குப் போன் போடுவார் என்று எனக்குத் தெரியாது. நீ அவரிடம் என்ன சொன்னாய் என்பதை அவர் வாயாலேயே கேட்டேன். இல்லாத வாசனை வருகிறதென்றால் அது மூளை நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், ஸ்கேன் எடுத்துப் பார்க்கும்வரை அம்மாவை ஓட்ட விடாதீர்கள், சாவியை வாங்கி வையுங்கள் சித்தப்பா என்றாயாம். அவர் வந்தார், டீ குடித்தார், நான் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வாசலில் வைத்து அப்பாவிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அப்பா என்னிடம் வந்து சொல்ல அரைமணி நேரம் தயங்கினார். உன்னை எட்டிப் பிடித்து ஒரு அறை விடலாம் போல இருந்தது, நடுவில் கடல் இருந்ததால் தப்பித்தாய்.

ஆனாலும் நீ சொன்னாய் என்பதற்காக நரம்பு டாக்டரிடம் போனேன். அதை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், நேர்கோட்டில் நடக்கச் சொன்னார், மூக்கருகே காப்பித்தூளையும் சோப்பையும் காட்டி எது எது என்று கேட்டார், எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன். உங்கள் மகள் பயந்தது தப்பில்லை, அப்படி ஒரு வியாதி உண்டு என்று உன் பக்கமும் பேசினார். பிறகுதான் கேட்டார், "சரி, இந்த வாசனை எப்பம்மா வருது? வீட்ல இருக்கும்போது வருதா, தூங்கும்போது வருதா?" என்று. இல்லை டாக்டர், வண்டியில்தான், அதுவும் பெட்ரோல் நிறையப் போட்ட அன்றைக்குத்தான் என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அம்மா, டேங்க் நிறைஞ்சது உங்க மூளைக்கு எப்படித் தெரியும்? முதல்ல வண்டியைக் காட்டுங்க" என்றார். அங்கேயே எனக்குப் பாதி உயிர் திரும்பியது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக உன் சித்தப்பாவின் கண்ணாடிக் கடைக்குப் போனேன். சாவியைக் கொடுங்க தம்பி என்றேன். "அண்ணி, உங்க நல்லதுக்குத்தான்" என்று ஆரம்பித்தார். "என் நல்லதுன்னா அதை என்கிட்டதான் கேக்கணும், துணி துவைக்கப் போன நேரம் பார்த்து எடுக்கக் கூடாது" என்றேன். ஜன்னலுக்குக் கண்ணாடி அறுக்க வந்தவர்கள் எல்லாம் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடை நாலு சுவரிலும் விற்பனைக்கு முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டியிருக்கிறதா, அவர் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினாலும் அங்கேயும் நான்தான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். பார்த்தார், மேஜை டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். ஏதாவது ஆச்சுன்னா என்னைக் கேட்காதீங்க என்றார். உங்களைக் கேட்டுத்தான் எனக்கு எதுவும் ஆகணும்னு இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சாவி வந்துவிட்டதே தவிர வண்டிக்கு என்ன என்று எனக்கும் தெரியாதே. முதலில் புகையைப் பிடித்தேன். எல்லோரும் புகையையும் வாசனையையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பழைய வண்டி என்று முத்திரை குத்தியிருந்தார்கள், நான் அந்த மூட்டையைப் பிரித்தேன். வண்டியை நியூட்ரலில் வைத்து, சாவியைத் திருப்ப மட்டும் உன் அப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தேன். வாழ்நாள் முழுக்க பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை, ஏதோ விமானத்தைக் கிளப்புவது போல் முகத்தை வைத்துக்கொண்டு திருப்பினார். நான் பின்னால் நின்று பார்த்தேன். வெள்ளையாக வந்தது கொஞ்ச தூரத்திலேயே காற்றில் கரைந்துவிட்டது, சைலன்சர் முனையில் தண்ணீர் சொட்டியது. ரேடியேட்டர் தண்ணீர் குறைந்திருந்தால்தான் பயப்பட வேண்டும், அது வைத்த அளவிலேயே இருந்தது. குளிரில் நம் வாயிலிருந்து ஆவி வருவதில்லையா, அதுபோலத்தான். சித்தப்பா எஞ்சின் போயிற்று என்றது இந்த ஆவியைப் பார்த்துத்தான். ஆனால் அந்த வெள்ளைக்கு முன்னால், கிளம்பிய உடனே, நீலமாக ஒரு குப்பென்ற புகை வந்ததை நான் விடவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு மேம்பாலத்தில் இறங்கி, கீழே வந்து மறுபடி மிதித்தாலும் அதே நீலம், தீய்ந்த எண்ணெய் நாற்றம். ஆயில் அளவும் கொஞ்சம் இறங்கியிருந்தது. இன்னொன்று, படிக்கிற பெண்கள் பதற்றத்தில் ஓங்கி மிதிக்கும்போது கறுப்புப் புகை. சைலன்சருக்குள் பழைய துணியை விட்டுத் துடைத்தால் கண் மை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. கறுப்பென்றால் பெட்ரோல் அதிகம், காற்று போதவில்லை. ஏர் ஃபில்டரைத் திறந்து பார்த்தேன், மழைக்கால மிதியடி மாதிரி இருந்தது. புதிதாக மாற்றியதும் கறுப்பு போய்விட்டது. நீலத்துக்குத்தான் நான் உள்ளூரப் பயந்தேன். பிஸ்டன் ரிங் போயிருந்தால் எஞ்சினையே பிரித்துப் போட வேண்டும், சித்தப்பா ஜெயித்துவிடுவார். சோடாபுட்டியிடம் போய்ப் பிளக்கைக் கழற்றிக் கம்ப்ரெஷன் பார்க்கச் சொன்னேன். எல்லா சிலிண்டரிலும் அழுத்தம் நன்றாகவே இருந்தது. "ரிங் நல்லா இருக்கு டீச்சரம்மா, மேல வால்வு சீல்தான் காஞ்சுபோயிருக்கு, நிக்கும்போது எண்ணெய் உள்ள இறங்குது" என்றார். அது சின்ன வேலை. அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்த வேகத்தைப் பார்த்து அப்பாவே என்ன விசேஷம் என்று கேட்டார்.

வாசனை மட்டும் பாக்கி. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு துணை கிடைத்தது. இப்போது என்னிடம் படிப்பவர்களில் ஒரு தையல்காரப் பெண், நாலு மாதம் முழுகாமல் இருக்கிறாள், வயிறு ஸ்டியரிங்கில் முட்டுவதற்குள் லைசென்ஸ் எடுத்துவிட வேண்டும் என்று துடிப்பவள். சோடாபுட்டி கசிவே இல்லை என்று சொன்ன தைரியத்தில்தான் நான் வகுப்பைத் தொடர்ந்தேன். அன்றைக்கு வரும் வழியில் பெட்ரோல் நிறையப் போட்டிருந்தேன். ரவுண்டானாவில் இடது பக்கம் திரும்பியவள், "அக்கா, பெட்ரோல் நாறுது, எனக்குக் குமட்டுது" என்று சொல்லிக்கொண்டே ஒழுங்காகச் சிக்னல் போட்டு ஓரம் கட்டினாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. உடனே எஞ்சினை நிறுத்தி, அவளை இறக்கிவிட்டு, கதவுகளைத் திறந்து வைத்து இரண்டு பேரும் தள்ளிப் போய் மரத்தடியில் நின்றோம். சாயங்காலம் சித்தப்பாவுக்குப் போன் செய்து, இன்னொருத்திக்கும் வாசனை வந்தது என்றேன். "மசக்கைக்காரிக்கு எதுதான் அண்ணி நாறாது" என்று சிரித்தார். பாப்பா, அந்தச் சிரிப்பில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. எனக்கு வயசு, அவளுக்கு வயிறு. இரண்டு பொம்பளைகளின் மூக்கையும் இரண்டு காரணம் சொல்லித் தள்ளியாயிற்று. மூன்றாவதாக ஒருத்தி வந்திருந்தால் அவளுக்கும் ஒரு காரணம் வைத்திருப்பார்கள்.

எல்லா வகுப்பையும் நிறுத்திவிட்டேன். நாற்காலியைத் தூக்கி வண்டிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து யோசித்தேன். டேங்க் நிறைந்தால் வருகிறது, குறைந்தால் போகிறது. இடது பக்கம் திரும்பினால் வருகிறது, வலது பக்கம் திரும்பினால் இல்லை. இடது பக்கம் திரும்பும்போது பெட்ரோல் வலப்பக்கம் ஏறும், பெட்ரோல் ஊற்றும் வாயும் வலப்பக்கம்தான். ஆக ஓட்டை மேலே எங்கேயோ இருக்கிறது, பெட்ரோல் அவ்வளவு உயரம் ஏறினால்தான் கசியும். அப்படியானால் சோடாபுட்டி ஏன் ஒன்றும் பார்க்கவில்லை என்று யோசித்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் விடும் வண்டியில் யாராவது டேங்க் நிறையப் பெட்ரோலை விட்டுவிட்டு வருவார்களா? அப்பா சொல்லிக்கொடுத்த கெட்டிக்காரத்தனம், ஒவ்வொரு தடவையும் முள் கீழே கிடக்கும்போதுதான் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். சித்தப்பா ஏறிய அன்றைக்கும் அப்படித்தான். காய்ந்து கிடக்கிற டேங்கில் கசிவைத் தேடினால் எங்கே கிடைக்கும்?

மறுநாள் குறைந்த பெட்ரோலோடு பங்க் வரைக்கும் ஓட்டிப் போய் வாய் வரை நிரப்பினேன். அதற்குமேல் எஞ்சினைக் கிளப்பமாட்டேன் என்று முடிவு செய்திருந்தேன், கசிகிறது என்று நம்புகிறவள் எப்படிக் கிளப்புவாள். எதிர்ப்பக்கம் இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டே போனோம். நான் ஸ்டியரிங்கில், பின்னால் தள்ளியது என்னிடம் படிக்கும் மீன்கடைக்கார அம்மா, அவள் ஒருத்தியே ஒரு லாரியைத் தள்ளுவாள். தையல்காரப் பெண்ணைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன், அவள் முணுமுணுத்துக்கொண்டே என் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உன் அப்பா பழைய விசிலைத் தேடி எடுத்துவந்து, ரோட்டின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்திவிட்டு, "போலாம் ரைட்" என்று குரல் கொடுத்தார், ரிட்டயர் ஆன பிறகு அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. பெட்ரோல் போட்டவர், "ஃபுல் டேங்க் போட்டுட்டு ஏம்மா தள்றீங்க" என்று கேட்டார். "இந்த ஸ்கூல்ல முதல் பாடமே இதுதான்" என்றாள் மீன்கடைக்காரி.

சோடாபுட்டிக்கு முகம் வாடிவிட்டது. ரெண்டு தடவை பார்த்தாச்சே டீச்சரம்மா என்றார். ஃபுல் டேங்க்கில் பார்க்கவில்லையே என்றேன். மூலையில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவரை நிறுத்தி வெளியே போகச் சொன்னேன், பீடி பற்றவைத்தவரையும் விரட்டினேன், அவர் இடம் என்று பார்க்கவில்லை. வண்டியைக் குழி மேல் நிறுத்தி, வலது பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பைக் கழற்றவைத்து, இடது பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கச் சொன்னேன், பெட்ரோல் வலது பக்கம் ஏறட்டும் என்று. பேட்டரி விளக்கைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார். பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்கு இறங்குகிற ரப்பர் குழாய், மணிக்கட்டுத் தடிமன் இருக்கும், அதன் பின்பக்கம் கை விட்டுத் தடவினார். கையை வெளியே எடுத்தபோது விரல் நனைந்திருந்தது. குழாயின் மேல்பாகம் முழுக்கப் பித்தவெடிப்பு மாதிரி வெடித்து, அந்த வெடிப்பில் பெட்ரோல் கோடாகத் துளிர்த்துக்கொண்டிருந்தது. தரைக்கு வருவதற்குள் காற்றில் காய்ந்துவிடும், அதனால்தான் கீழே ஒரு சொட்டும் இல்லை. நான் குனிந்து பார்த்தேன். ஒரு சாண் தள்ளி சைலன்சர் பெட்டி போகிறது, ஓடி நின்ற வண்டியில் அது எவ்வளவு சுடும் என்று உனக்குத் தெரியும். சோடாபுட்டி மேலே ஏறி வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஒரு பொறி பட்டிருந்தா பொட்டுனு போயிருக்கும் டீச்சரம்மா" என்றார். தையல்காரப் பெண் வயிற்றில் கை வைத்தபடி ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டாள். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷமெல்லாம் ஒரு பக்கம், அவளை ஏற்றிக்கொண்டு சுற்றியிருக்கிறேனே என்று நானும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அந்தக் குழாயையும், கூடவே போகிற மெல்லிய காற்றுக் குழாயையும், இறுக்கும் வளையங்களையும் புதிதாகப் போட்டார். மறுபடி அதே மாதிரி சாய்த்து வைத்துப் பார்த்தோம், விரல் காய்ந்தே வந்தது. ஒவ்வொருவராகக் குனிந்து மோந்து பார்த்தோம், உன் அப்பாவும் முறைக்காகக் குனிந்துவிட்டு, எனக்கு அப்பவும் ஒண்ணும் வரல, இப்பவும் ஒண்ணும் வரல என்றார். வால்வு சீலும் அடுத்த வாரமே மாற்றியாயிற்று, நீலம் போய்விட்டது. குளிர் காலையில் வெள்ளை ஆவி மட்டும் கொஞ்சம் வருகிறது, வந்துவிட்டுப் போகட்டும். தையல்காரப் பெண் டெஸ்டில் பாஸ். மீன்கடைக்காரி பின்னால் எடுக்கும்போது கம்பத்தில் இடித்துவிட்டு, கம்பத்தைத் தப்பான இடத்தில் நட்டிருக்கிறார்கள் என்று அதிகாரியிடம் சண்டை போட்டு வந்திருக்கிறாள், அடுத்த மாதம் மறுபடி போகிறாள். வெடித்த குழாயை உன் சித்தப்பாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எப்படியோ தப்பிச்சீங்க, இனிமேலாவது வித்துடுங்க, நாளைக்கு இன்னொண்ணு போகும் என்றார். போகட்டும், மாற்றுவேன் என்றேன். முட்டி தேய்ந்துபோனது என்று யாராவது காலை விற்பார்களா?

உனக்குச் சொல்ல வேண்டியது இதுதான். நீ பயந்ததற்காக எனக்குக் கோபமில்லை. நாள் முழுக்க நோயாளிகளைப் பார்க்கிறாய், கெட்டதுதான் முதலில் தோன்றும். ஆனால் எப்பம்மா வருது என்று அந்த டாக்டர் கேட்ட ஒரே கேள்வியை நீ என்னிடம் கேட்டிருக்கலாம். எனக்குப் போன் செய்யாமல் என்னைப் பற்றி இன்னொருவரிடம் பேசினாய், நான் ஏதோ பராமரிக்க வேண்டிய பொருள் மாதிரி. ஒரு நாள் உண்மையாகவே எனக்கு மறதி வரலாம், கண் மங்கலாம், கால் பிரேக்கைத் தேடலாம். வரவே வராது என்று சொல்லும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை. அப்படி உனக்குத் தோன்றினால் என்னிடம் சொல். எவ்வளவு கசப்பாக இருந்தாலும் என்னிடமே சொல். நான் கத்துவேன், போனை வைப்பேன், இரண்டு நாள் பேசமாட்டேன். பிறகு உட்கார்ந்து யோசிப்பேன். அந்த யோசனை என்னுடையதாக இருக்க வேண்டும். என் முதுகுக்குப் பின்னால் என் வாழ்க்கையை முடித்து வைக்க என் வயிற்றில் பிறந்தவளுக்கும் நான் உரிமை கொடுக்கவில்லை.

சரி, போதும், கை வலிக்கிறது. வேளாவேளைக்குச் சாப்பிடு, இரவு ட்யூட்டி முடிந்து தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டாதே, மாப்பிள்ளையை எடுக்கச் சொல். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு, நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், விசிலைக் கழுத்திலிருந்து கழற்றாமலே. மறந்துவிடாதே, இன்னொன்று. நாளைக் காலையிலிருந்து உன் சித்தி என்னிடம் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறாள். அவளேதான் கேட்டாள், வீட்டுக்காரரிடம் எப்போது சொல்வது என்பதையும் அவளே பார்த்துக்கொள்வாளாம். அதனால் சித்தப்பா போன் செய்தால் கண்ணாடி வியாபாரம் எப்படிப் போகிறது என்று மட்டும் கேள்.

உன்மேல் இருந்த கோபம் முக்கால்வாசி தீர்ந்துவிட்ட,
உன் அம்மா